முதல் விண்வெளி ஆர்டிஎஸ்: ஸ்டார்கிராஃப்டா, ஹோம்வேர்ல்டா, சின்ஸா?

விண்வெளியில் நடக்கும் ஆர்டிஎஸ் (நிகழ்நேர உத்தி) கணினி விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆசை, எதில் தொடங்கட்டும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எது குறைந்தால் பதற்றம் வரும்? விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஆர்டிஎஸ் எல்லாமே பற்றாக்குறையை வைத்து ஆடுவதுதான். சதுரங்கத்தில் நீங்கள் காய் நகர்த்தும்வரை எதிரி காத்திருப்பான். இங்கே யாரும் காத்திருப்பதில்லை. நீங்கள் யோசிக்கிற நேரத்திலும் எதிரி கட்டிக்கொண்டே இருப்பான். அந்த ஓட்டத்தில் உங்களிடம் எது முதலில் தீர்கிறது என்பதில்தான் ஒரு விளையாட்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் தீர்வது கவனம். ஹோம்வேர்ல்டில் தீர்வது கப்பல்கள். சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் 2-இல் தீர்வது உங்கள் இரவு.

கிராபிக்ஸ், யூனிட் வகைகள், மதிப்பெண்கள் என்று அட்டவணை போட்டும் ஒப்பிடலாம். அப்படி ஒப்பிட்டு வாங்கி, ஒரே வாரத்தில் விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கிய விளையாட்டில் குறை இல்லை. தங்களுக்கு ஒத்துவராத பற்றாக்குறையில் போய் மாட்டிக்கொண்டார்கள்.

ஸ்டார்கிராஃப்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் முதலில் கேள்விப்படும் பெயர் அதுதான். முதல் பாகம் 1998-இல் வந்தது, இரண்டாம் பாகம் 2010 ஜூலையில். டெர்ரன் என்கிற மனிதர்கள், புரோட்டாஸ் என்கிற தொழில்நுட்ப முதிர்ச்சி பெற்ற வேற்றினம், ஜெர்க் என்கிற பூச்சிக்கூட்டம் என மூன்று தரப்பு. மூன்றும் மூன்று விதமாகக் கட்டும், மூன்று விதமாகச் சண்டை போடும், ஆனாலும் ஒன்றுக்கொன்று சமமாக நிற்கும். இந்தச் சமநிலைக்காகவே இதை இன்றும் ஆடுகிறார்கள். ஒன்று சொல்லிவிட வேண்டும்: கதை விண்வெளியில் நடந்தாலும் ஆட்டம் நடப்பது தரையில். போர்க்கப்பல்கள் பறக்கும், ஆனால் மேடு, பள்ளம், சரிவு எல்லாம் உள்ள நிலத்துக்கு மேலேதான் பறக்கும்.

கணக்கு எளிமையானது. ஒரு பேஸில், அதாவது உங்கள் தளத்தில், 8 மினரல் குவியல், 2 கேஸ் ஊற்று; இவைதான் இங்கே காசு. மினரலுக்கு 16 வேலையாட்கள், ஒவ்வொரு ஊற்றுக்கும் 3 பேர், ஆக 22 பேர் இருந்தால் அந்த பேஸ் நிறைந்தது. ஆட்டம் 12 பேருடன் தொடங்கும். டெர்ரனின் வேலையாளான எஸ்சிவி ஒன்றுக்கு 50 மினரல், உருவாக 12 விநாடி. எனவே முன்னணியில் என்ன நடந்தாலும் 12 விநாடிக்கு ஒருமுறை மனசு பேஸுக்குத் திரும்பியாக வேண்டும். ஐந்து பேரை ஒரே மூச்சில் வரிசையில் போட்டுவிட்டுப் போகலாமே என்றால், போட்ட நொடியிலேயே ஐந்து பேருக்கான காசும் பிடிக்கப்பட்டுவிடும். அந்தக் காசில் படைவீரர்களை உருவாக்கும் பேரக்ஸ் ஒன்றைக் கட்டியிருக்கலாம். இதோடு படை வளர வளர சப்ளை டிப்போ கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒன்றுக்கு 100 மினரல், அது தரும் இடம் 8. மறந்தால் உற்பத்தி அப்படியே நிற்கும்.

இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் கடினமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் கடினம். கோல்டு லீக் என்ற நடுத்தர மட்டத்தில் நான் நகராமல் நின்றிருந்த காலத்து ஆட்டம் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. ஜெர்க் எதிரி. வரைபடத்தின் நடுவில் என் மரீன்களும் (காலாட்படை) மெடிவாக்குகளும் (மருத்துவ விமானங்கள்) அவனுடைய படையை அருமையாகச் சுற்றி வளைத்தன. ஒவ்வொரு மரீனையும் பின்னால் இழுத்து, சுட்டு, மறுபடி இழுத்து, உயிரைக் கொடுத்து ஆடினேன். சண்டையில் ஜெயித்தேன். ஆட்டத்தில் தோற்றேன். அன்றிரவு ரீப்ளேயைப் போட்டுப் பார்த்தபோது காரணம் திரையின் மேல் மூலையிலேயே இருந்தது. சண்டை தொடங்கும்போது என் கையில் 300 மினரல். 40 விநாடி கழித்து 1,400. அந்த நேரம் முழுக்க ஐந்து பேரக்ஸும் சும்மா நின்றன. கையிலிருந்த காசுக்கு 28 மரீன்கள் வந்திருப்பார்கள். அவனோ சண்டையைப் பார்க்கக்கூட இல்லை. தன் படையை அனுப்பிவிட்டு பேஸுக்குத் திரும்பி அடுத்த படையை உருவாக்கிக்கொண்டிருந்தான். கூடவே ஒரு கூட்டம் ஜெர்க்லிங்கை என் பின்வாசல் வழியாக உள்ளே விட்டிருந்தான்.

அன்று எனக்குப் புரிந்தது, இந்த விளையாட்டில் உண்மையான நாணயம் மினரல் இல்லை, பார்வை. எங்கே பார்க்கிறீர்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்பதைத்தான் செலவழிக்கிறீர்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300 கட்டளைகளுக்கு மேல் கொடுப்பார்கள். 2019-இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு மிக உயர்ந்த கிராண்ட்மாஸ்டர் லீக்கை எட்டியபோது, அதன் கைவேகத்துக்கு வரம்பு வைத்துத்தான் ஆடவிட்டார்கள். வரம்பு இல்லாவிட்டால் அது யோசித்து ஜெயித்ததா, வேகத்தால் ஜெயித்ததா என்று பிரித்தறிய முடியாது. அந்த அளவுக்கு இங்கே வேகம் பேசும்.

இது சிலருக்குப் பேரின்பம். எனக்கும்தான். ஓர் ஆட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும், தோற்றால் காரணம் ரீப்ளேயில் கண்ணாடி போலத் தெரியும், அடுத்த ஆட்டத்தில் அதைத் திருத்தலாம். முன்னேற்றத்தை இவ்வளவு துல்லியமாக உணரவைக்கும் வேறொரு விளையாட்டு எனக்குத் தெரியாது. ஆனால் வேலை முடித்துக் களைத்து வந்து உட்காரும் வேளையில் இது ஓய்வு தராது. ஒருவருக்கு ஒருவர் மோதும் லேடர் என்ற தரவரிசைப் போட்டியில் ஓர் ஆட்டம் முடிந்ததும் நெஞ்சு படபடக்கும். மறுபடி தேடல் பொத்தானை அழுத்தவே கை தயங்கும். இந்தத் தயக்கம் புதியவர்களுக்கு மட்டுமல்ல, வருஷக்கணக்காக ஆடுபவர்களுக்கும் உண்டு.

லேடர் வேண்டாம் என்றால் கோ-ஆப் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து கணினியை எதிர்த்து ஆடுவது, ஆளுக்கொரு தளபதி. மொத்தம் 18 தளபதிகள். புதியவருக்கு நான் காட்டும் முதல் வாசல் இதுதான். ஒரு மிஷன் அரை மணி நேரத்துக்குள் முடியும், தோற்றால் பழியைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். 2017 நவம்பரில் இந்த விளையாட்டு இலவசமானது. முதல் கேம்பெயினான (தனியாக ஆடும் கதைத்தொடர்) விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி முழுவதும், ரெய்னர், கெர்ரிகன், ஆர்டானிஸ் ஆகிய மூன்று தளபதிகளும் அப்போதே அதில் அடங்கின. ஆர்டிஎஸ் தனக்கு ஒத்துவருமா என்றே தெரியாதவருக்கு இதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

ஹோம்வேர்ல்ட் வேறு உலகம். 1999-இல் ரெலிக் நிறுவனம் உருவாக்கிய இது வெளியானபோது, கப்பல்கள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் எல்லாத் திசைகளிலும் நகரும் ஆர்டிஎஸ் என்பதே புதுமை. நிலம் இல்லை. தரை இல்லை. பின்வாசல் என்று ஒன்று இல்லை, எல்லாப் பக்கமும் வாசல். முதல் அரை மணி நேரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். நகர்த்த வேண்டிய கப்பலைத் தேர்ந்தெடுத்து எம் அழுத்தினால் ஒரு வட்டத்தகடு விரியும். அதில் எவ்வளவு தூரம் என்று காட்டி, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மவுஸை மேலே தள்ளினால் உயரம். இரண்டு அசைவு, ஒரு கிளிக். மூன்றாவது மிஷனுக்குள் கை பழகிவிடும். பழகிய பிறகு எதிரியின் தாக்குதல் படை நேராக வரும்போது உங்கள் ஃபிரிகேட் என்ற நடுத்தரப் போர்க்கப்பல்களைச் சுவர் வடிவில் நிறுத்தி, ஃபைட்டர் என்ற சிறு கப்பல்களைத் தலைக்கு மேலே ஏற்றி, செங்குத்தாக இறக்கும் அந்த முதல் தருணம் இருக்கிறதே, அதற்காகவே இதை வாங்கலாம்.

இங்கே கைவேகம் பெரிதாக உதவாது. கப்பல்கள் மெதுவாகத் திரும்பும், மெதுவாக நகரும். உங்களை வாட்டுவது வேறொன்று: ஒரு மிஷனின் முடிவில் மிச்சமிருக்கும் கப்பல்கள்தான் அடுத்த மிஷனுக்கு உங்களோடு வரும். ஸ்டார்கிராஃப்டில் ஒரு மரீன் செத்தால் அது 50 மினரல், அவ்வளவுதான். ஹோம்வேர்ல்டில் ஒரு அயான் கேனன் ஃபிரிகேட் வெடித்தால், அது நான்கு மிஷன்களாக உங்களோடு வந்த கப்பல். அதைக் கட்டிய நாள், தப்பிய சண்டை எல்லாம் நினைவுக்கு வரும். சேகரிக்கக் கிடைக்கும் கனிமமும் ஒவ்வொரு மிஷனிலும் அளவோடுதான் இருக்கும். செலவு செய்த கப்பலை அப்படியே மறுபடி கட்டிவிடலாம் என்று எண்ண முடியாது.

அதனால்தான் சால்வேஜ் கார்வெட் என்ற சின்னக் கப்பல் இங்கே ராஜா. ஆயுதம் கிடையாது. ஆனால் சில கார்வெட்கள் சேர்ந்து எதிரியின் ஃபிரிகேட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டால் அதை இழுத்துவந்து, மற்றக் கப்பல்களைக் கட்டித்தரும் உங்கள் தாய்க்கப்பலுக்குள் சேர்த்துவிடும். அதற்குப் பிறகு அது உங்களுடையது. கதீஷ் நெபுலா மிஷனில் எதிரியின் மல்டிபீம் ஃபிரிகேட்கள் என் படையைக் கிழித்துக்கொண்டிருந்தன. என் போர்க்கப்பல்களை முன்னால் நிறுத்தி அடிவாங்க வைத்துவிட்டு, பின்னாலிருந்து கார்வெட்களை அனுப்பினேன். போகும் வழியில் பாதி போயின. மிச்சம் இருந்தவை ஒரு ஃபிரிகேட்டைப் பிடித்தன. அது சுழன்று சுழன்று, மெல்ல என் தாய்க்கப்பலை நோக்கி வரத் தொடங்கியது. அந்த இரண்டு நிமிடமும் நான் கேமராவை அதைவிட்டு நகர்த்தவே இல்லை. ஸ்டார்கிராஃப்டில் அப்படி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தோல்வி நிச்சயம். இங்கே அதுதான் ஆட்டம்.

கதையையும் சொல்லாமல் விட முடியாது. மூன்றாவது மிஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லப் போகிறேன், தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். புதிய என்ஜினைச் சோதித்துப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறீர்கள். உங்கள் கிரகமான கராக் எரிந்துகொண்டிருக்கிறது. சுற்றுப்பாதையில் ஆறு உறைதூக்கப் பெட்டகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பேர். அவற்றை எதிரிக் கப்பல்கள் சுட்டுக்கொண்டிருக்கின்றன. உங்கள் இனத்தில் மிஞ்சியது அந்த ஆறு லட்சமும் உங்கள் கப்பலில் இருப்பவர்களும்தான். போர் முழக்கம் எதுவும் இல்லை, பின்னணியில் ஒரு கூட்டுக்குரல் மட்டும் தாழ்ந்து ஒலிக்கும். அங்கே நீங்கள் காப்பாற்றுவது மதிப்பெண்ணுக்காக இல்லை. நான் ஒரு பெட்டகத்தை இழந்துவிட்டு, விதிமுறைப்படி மிஷன் தொடரலாம் என்றபோதும் மனசு கேட்காமல் முன்பு சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆடினேன்.

வாங்குவதென்றால் 2015-இல் வந்த ரீமாஸ்டர்டு (புதுப்பித்த) தொகுப்பையே வாங்குங்கள். முதல் பாகம், 2003-இல் வந்த இரண்டாம் பாகம், இரண்டின் பழைய வடிவமும் புதிய வடிவமும் அதில் உண்டு. ஒரு குறை: முதல் பாகத்தின் புதிய வடிவத்தை இரண்டாம் பாகத்தின் அடித்தளத்தின் மேல் கட்டினார்கள். அதனால் அணிவகுப்புகள் பழைய ஆட்டத்தைப் போலக் கட்டுக்கோப்பாக நிற்கவில்லை என்று பழைய ரசிகர்கள் வருந்தினார்கள். 2016-இல் வந்த 2.0 பேட்ச் என்ற திருத்தம் பெரும்பாலானதைச் சரிசெய்தது. இரண்டாம் பாகத்தில் இன்னொன்று கவனிக்க வேண்டும்: உங்கள் படை பெரிதாக இருந்தால் எதிரியின் படையும் பெரிதாகும். சேர்த்துவைத்துக் கஞ்சத்தனமாக ஆடுபவர்களை அது கடுப்பேற்றும். முதல் பாகத்தில் தொடங்குவதே நல்லது.

மல்டிபிளேயருக்காக ஹோம்வேர்ல்ட் வாங்காதீர்கள். ஆட ஆள் கிடைப்பது அரிது.

சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ தொடங்கி, வெகுதூரம் போய்விடும். முதல் பாகம் 2008-இல், இரண்டாம் பாகம் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2024 ஆகஸ்டில். அயர்ன்கிளாட் உருவாக்கியது, ஸ்டார்டாக் வெளியிட்டது. டிஇசி, அட்வெண்ட், வசாரி என மூன்று தரப்பு. நீங்கள் ஒரு படைக்கு மட்டுமல்ல, ஒரு சாம்ராஜ்யத்துக்குத் தலைவர்: கிரகங்களைக் குடியேற்றி, சுரங்கம் தோண்டி, ஆராய்ச்சி செய்து, பக்கத்து அரசோடு பேரம் பேசி, நடுவில் போரும் நடத்த வேண்டும். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் ஒற்றைக் கப்பலின் பீரங்கி திரும்புவதிலிருந்து முழு நட்சத்திர மண்டலம் வரை ஒரே இழுப்பில் போகும். இரண்டாம் பாகத்தில் கிரகங்கள் தங்கள் சூரியனைச் சுற்றிவருகின்றன. அதனால் அவற்றை இணைக்கும் ஃபேஸ் லேன் என்ற பாதைகளும் மாறும். இன்று எதிரிக்கு எட்டாமல் உள்ளே இருக்கும் கிரகம், ஒரு மணி நேரம் கழித்து எல்லைக் கிரகமாகி நிற்கும். எதிர்காலச் சுற்றுப்பாதையை முன்கூட்டியே பார்க்கும் வசதியும் உண்டு. அதைப் பார்க்காமல் அரண் கட்டினால் காசு வீண்.

தனியாக ஆடும்போது நிறுத்திவைத்துக் கட்டளை கொடுக்கலாம். ஆகவே கைக்கும் கவனத்துக்கும் நெருக்கடி குறைவு. இங்கே பற்றாக்குறை தூரம், அதன் வழியாக நேரம். கப்பல்கள் ஒரு கிரகத்தின் ஈர்ப்பு வட்டத்தின் விளிம்புவரை ஊர்ந்துபோய், திசை பார்த்து நின்று, பிறகுதான் தாவும். அடுத்த கிரகத்தில் மறுபடி அதே கதை. நண்பர்களோடு ஆடும்போது இது எப்படி இருக்கும் என்றால்:

“மச்சான், என் பனிக்கிரகத்துல அடிக்கிறாங்கடா, உன் ஃப்ளீட் எங்க?”

“மூணு ஜம்ப் தள்ளி இருக்கேன். தாங்குவியா?”

“எத்தனை நிமிஷம்?”

“பாத்துக்கோ, கிளம்பிட்டேன்.”

அவன் வந்து சேர்ந்தபோது கிரகம் போயிருந்தது. அவன் மேல் தப்பில்லை, என் மேல்தான். நான்கு கிரகத்துக்குப் போதுமான படையை வைத்துக்கொண்டு ஏழு கிரகத்தில் அகலக்கால் வைத்திருந்தேன். சின்ஸில் தோல்வி இப்படித்தான் வரும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நல்லதாகத் தோன்றிய முடிவு, இப்போது வட்டியோடு திரும்பி வரும். ஸ்டார்கிராஃப்டில் தவறும் தண்டனையும் பக்கத்துப் பக்கத்து விநாடியில் இருக்கும். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு வேளை இருக்கும்.

நடுத்தர வரைபடத்தில் மூன்று, நான்கு மணி நேரம் சாதாரணம். பெரிய வரைபடம் என்றால் சேவ் செய்து வாரக்கணக்கில் தொடரலாம். அனுபவம் ஏற ஏற வலுக்கும் தலைமைக் கப்பல்கள் உண்டு, அவற்றை இழப்பது வலிக்கும், ஹோம்வேர்ல்டின் வலியில் பாதியாவது. ஆனால் ஹோம்வேர்ல்டைப் போல மனசைப் பிடிக்கும் கதைக்காக இதைத் தேடி வரக் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் கதையை நீங்களும் உங்கள் நண்பர்களும்தான் உண்டாக்க வேண்டும். சரியான மூன்று பேர் அமைந்தால் அந்தக் கதை மாதக்கணக்கில் பேசப்படும். அமையாவிட்டால் கணினி எதிரிகளோடு மெதுவாக நகரும் வரைபடம்தான் மிச்சம்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். முதல் ஸ்டார்கிராஃப்டின் ரீமாஸ்டர்டு வடிவம் 2017-இல் வந்தது. அது ஓர் அற்புதம், ஆனால் ஒரே நேரத்தில் 12 யூனிட்டுக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது, புதிய வேலையாட்களை ஒவ்வொருவராக மினரலுக்கு அனுப்ப வேண்டும். முதல் விளையாட்டாக எடுப்பவருக்கு அது தண்டனை. 2024-இல் வந்த ஹோம்வேர்ல்ட் 3 பார்க்க அழகு, பிரம்மாண்டச் சிதைவுகளுக்கு நடுவே கப்பல்களை மறைத்து ஆடலாம். கதையில் முதல் பாகத்தின் பக்கத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. பிளானட்டரி அனிஹிலேஷனில் ஒரு சிறுகோளில் என்ஜின் பொருத்தி எதிரியின் கிரகத்தின் மேல் மோதவிடலாம். அதை ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டும், ஆனால் உருண்டையான கிரகத்தின் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று தேடியே புதியவர் களைத்துப்போவார். ஸ்டெல்லாரிஸைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அதில் சண்டையை நீங்கள் நேரடியாக நடத்துவதில்லை, படையை அனுப்பிவிட்டுப் பார்க்கிறீர்கள். ஆர்டிஎஸ் பழக அது உதவாது.

எனவே என் பரிந்துரை இப்படி. நாளுக்கு அரை மணி நேரம் கிடைக்கும், தோற்றாலும் திரும்பத் திரும்ப முயல்வேன், என் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பவர் ஸ்டார்கிராஃப்ட் 2-ஐ எடுக்கட்டும். கோ-ஆப்பில் பத்து மிஷன், பிறகு கேம்பெயின், அதற்கும் பிறகுதான் லேடர். கை மணிக்கட்டில் வலி உள்ளவர் லேடர் பக்கம் போகவே வேண்டாம். இதை அக்கறையோடு சொல்கிறேன், வலியோடு ஆடி மாதக்கணக்கில் மவுஸைத் தொட முடியாமல் போனவர்களைத் தெரியும். வார இறுதியில் சேர்ந்து உட்காரும் இரண்டு மூன்று நண்பர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்றால் சின்ஸ் 2, தயங்க வேண்டாம். நண்பர்கள் இனிமேல்தான் சேர வேண்டும் என்றால் பொறுத்திருங்கள்.

இந்த இரண்டிலும் சேராத பெரும்பாலோருக்கு, தனியாக ஆடுபவருக்கு, விண்வெளி என்ற சொல்லே இழுப்பவருக்கு, ஹோம்வேர்ல்ட்தான். மூன்றில் அது மட்டுமே உண்மையில் விண்வெளியை, அந்த அடியில்லாத வெற்றிடத்தை, ஆட்டத்தின் விதியாகவே ஆக்கியிருக்கிறது. தொடங்கும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். முதல் மிஷனில் உங்கள் ஃபைட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கேமராவை அதன் பக்கத்தில் கொண்டுபோய், எம் அழுத்தி, ஷிஃப்டைப் பிடித்து, தாய்க்கப்பலுக்கு நேர் மேலே எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்துக்கு அனுப்புங்கள். அது ஏறும்போது கேமராவைத் திருப்பிக் கீழே பாருங்கள். தாய்க்கப்பல் ஒரு வாழைப்பழ அளவுக்குச் சுருங்கும்வரை பாருங்கள். அதற்குப் பிறகு அந்த வட்டத்தகடு உங்களைக் குழப்பாது.